மீன்பிடித் தடைக்காலக் கணக்கில் ஒரு நாள் குறைகிறதா?

ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு தேதிகளுக்கு இடையே நாள் எண்ணும்போது, இரண்டையும் டேட்.யூடிசி-க்குள் (தேதியை உலகப் பொது நேரப்படி மில்லிசெகண்டுகளாக மாற்றும் கட்டளை) ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண்களாகக் கொடுங்கள். கழித்து வருவதை 8,64,00,000-ஆல் (ஒரு நாளின் மில்லிசெகண்டுகள்) வகுத்து, முதல் நாளும் கடைசி நாளும் சேர வேண்டுமென்றால் 1 கூட்டுங்கள். மாதம் 0-இல் தொடங்கும் என்பதால் ஏப்ரலுக்கு 3, ஜூனுக்கு 5.

சரிபார்க்க விசைப்படகுத் தடைக்காலமே போதும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ படகு வைத்திருப்பவர் யாரும் இதில் ஏமாற மாட்டார்.

இப்படி எண்களாகப் பிரிக்காமல், வெறும் ‘2025-04-15’ என்று கொடுத்தால் அது உலகப் பொது நேர நள்ளிரவு, அதாவது நமக்குக் காலை 5.30. ‘2025/06/14’ என்று சாய்கோடு போட்டால் பிரவுசர் அதை நம்மூர் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். படிவத்திலிருந்து ஒன்று, எக்செல் தாளிலிருந்து இன்னொன்று என்று வந்தால் இந்தக் கலப்பு தானாகவே நடந்துவிடும். ஐந்தரை மணி நேரம் குறைந்து, 1 கூட்டும் முன் 60-க்குப் பதில் 59.77 வரும்; பின்னத்தை வெட்டிக் கீழே இறக்கும் மேத்.ஃப்ளோர் அதை 59 ஆக்கிவிடும். அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் மேத்.ரவுண்ட் போட்டு மறைக்கலாம்தான், ஆனால் கோளாறு உள்ளேயே இருக்கும்.

படகு கடலில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று பார்க்க இந்த நாள் கணக்கு உதவாது. அதற்குப் புறப்பட்ட, கரை சேர்ந்த நேரங்களே வேண்டும். ‘ஒரு மாதம் கழித்து’ என்ற தவணைக் கணக்கும் வேறு: 2025 ஜனவரி 31-இல் மாத எண்ணை மட்டும் ஒன்று கூட்டினால் மார்ச் 3-இல் போய் நிற்கும்.