நூலக வாரக் கண்காட்சி: கண்ணாடிப் பெட்டிக்குள் வியர்க்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. வடகிழக்குப் பருவமழையும் அந்த நேரத்தில்தான் கொட்டும். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆய்வு மாணவனாக இருந்தபோது, பல்கலைக்கழக நூலகத்தில் பழைய நூல்களைக் காட்சிக்கு வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று வருடம் செய்ததில் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அனுமதிக் கடிதம், அழைப்பிதழ், பொன்னாடை எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. ஒரு கேள்வி பிடியுங்கள்

'அரிய நூல்கள்' என்று தலைப்பு வைத்தால் இருபது பழுப்புப் புத்தகங்கள் வரிசையாகத் தூங்கும். வருகிறவர் முதல் மேசையில் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நாங்கள் 'ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது என்ன மாறியது?' என்று கேட்டோம். ஒரு பக்கம் சுவடி. பக்கத்தில் சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் பதிப்பித்த கலித்தொகை, அதே ஆண்டு உ.வே. சாமிநாதையர் கொண்டுவந்த சீவக சிந்தாமணி, அவருடைய 1894 புறநானூறு. முதல் பதிப்பு இல்லாத இடத்தில் பிந்தைய பதிப்பை வைத்து, அதைக் குறிப்பிலும் எழுதிவிட்டோம்.

சுவடியில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். பாட்டு அடி பிரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஒரு வரியில் சொல்லி, அச்சுப் பக்கத்தை அருகில் வைத்துவிட்டால் போதும். பொறியியல் மாணவர்கள்கூடக் குனிந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

2. பட்டியல், படம்

அக்சஷன் எண்ணோடு (நூலகப் பதிவேட்டில் அந்த நூலுக்குள்ள எண்) பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் நாலு புறமும் போட்டோ. ஏற்கெனவே கிழிந்திருந்த மூலைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம் அல்லவா?

3. தாங்கி

நூறு வயது நூலைச் சப்பாத்தி போல விரித்து வைத்தால் முதுகு விட்டுவிடும். தானாக எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுதான். கெட்டி அட்டையை வெட்டி இருபுறமும் சரிவாகத் தாங்கி செய்யுங்கள். பக்கம் புரளாமல் இருக்க மைலார் எனும் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, அதன் முனையை அதன்மேலேயே ஒட்டுங்கள். பசை நூலில் படக்கூடாது. ரப்பர் பேண்டு, கிளிப், செல்லோடேப் மூன்றுக்கும் தடா. சன்போர்டு எல்லோருக்கும் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. அது பி.வி.சி. பிளாஸ்டிக், பெட்டிக்கு வெளியே பெயர்ப்பலகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஈரம்: நான் விழுந்த குழி

முதல் வருடம் பகலெல்லாம் ஏசி ஓடியது. மாலையில் பூட்டும்போது அணைத்துவிட்டுப் போனோம். வெளியே மழை. மூன்றாம் நாள் காலை ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில், கண்ணாடியின் உட்புறம் பொடிப்பொடியாக நீர்த்துளி! ஒரு நூலின் அட்டை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

ராத்திரி முழுக்க இடுக்கு வழியாக ஈரக்காற்று பெட்டிக்குள் புகுந்திருக்கிறது. காலையில் ஏசிக் குளிர் நேராகக் கண்ணாடியில் அடித்ததும் உள்ளே இருந்த ஈரம் துளியாகிவிட்டது. குளிர் கெடுதல் செய்யவில்லை, குளிரும் ஈரமும் ஏறி இறங்கியதுதான் கெடுத்தது. ஏசியை இரவும் ஓட்ட முடியாது என்றால் அந்த வாரம் தொடவே வேண்டாம், மின்விசிறி போதும். ஒருமுறை விருந்தினர் வியர்த்துக்கொண்டே பேசினார். பரவாயில்லை.

அடுத்து ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு உண்டு, கையில் படுவது நல்லதல்ல. மெல்லிய துணிப்பையில் கட்டி, தாங்கிக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டும். எங்கள் நாலடிப் பெட்டிக்கு அரைக் கிலோ சரியாக இருந்தது. நிறம் மாறியதும் வேதியியல் துறை நண்பரைப் பிடித்து, அவர்கள் உலர் அடுப்பில் 110 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் மறுபடி பயன்படும். ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே கட்டாயம். வாடகைக்கு எடுக்கும் ஷாமியானா செலவில் கொஞ்சம் குறைத்தாலே வாங்கிவிடலாம்.

5. வெளிச்சம்

பழைய தாளுக்கும் ஓலைக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். போன் செயலி தோராயமாகக் காட்டும். பெட்டிக்குள் டியூப்லைட் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது சூடேற்றும். ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம்.

6. புரட்ட ஒரு பிரதி

'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பது எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலகவியல் விதிகளில் முதலாவது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் அவர். நாமோ நூலைக் கண்ணாடிக்குள் பூட்டுகிறோம். அதற்குப் பரிகாரமாக, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய பதிப்பை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு மேசையில் வையுங்கள். எங்கள் கண்காட்சியில் அதிகம் கசங்கியது அதுதான்.

7. திறப்பு

குத்துவிளக்கு வாசலுக்கு வெளியே. யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

சேர்க்கை 1: குறிப்பட்டைகள் அச்சில் கொம்பும் காலும் இடம் மாறி வந்ததாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஃபிளெக்ஸ் கடையின் பழைய கோரல்டிராவில் யூனிகோடைத் திறந்தால் அப்படி ஆகலாம். வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள். எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் கொடுத்து, ஒரு அட்டையை மட்டும் முதலில் அச்சடித்துப் பாருங்கள்.

சேர்க்கை 2: நாஃப்தலின் உருண்டை போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். குனிந்து படிக்கிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார்.

சேர்க்கை 3: சுவடிப் பெட்டியில் ஒருவர் இரண்டு கிலோ ஜெல் கொட்டிவிட்டார். ஓலை அதிகம் காய்ந்தால் நொறுங்கும். ஈரப்பதமானி 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஒரு பையை வெளியே எடுத்துவிடுங்கள்.