பெட்டியை எண்ணினால் ஸ்டாக் சரியாகிவிடாது

2006-இல் ஹெலிகாப்டர் பேட்டரி கேட்ட தைவானுக்கு, மினிட்மேன் அணு ஏவுகணையின் மூக்குப் பகுதிப் பாகங்கள் நான்கை அமெரிக்கா அனுப்பிவிட்டது. போனது என்ன பொருள் என்று அமெரிக்கா உணர்ந்தது 2008 மார்ச்சில்தான். காலாண்டுக்கு ஒருமுறை கணக்குச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இருந்தும் இது பிடிபடவில்லை.

போர் விமான உதிரி பாகக் கிடங்குகளில் முதல் தவறு இதுதான்: வெளிப்பெட்டியை நம்புவது. பழைய லேபிளின் மேல் புது லேபிள் ஒட்டியிருப்பார்கள்; உள்ளே வேறு பொருள் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் டேக்கில் உள்ள பார்ட் நம்பர், சீரியல் நம்பர் இரண்டையும் படித்துத்தான் டிக் போட வேண்டும். அதற்காக ஈரம் புகாத உறையைக் கிழித்துவிடாதீர்கள். நீல நிற ஈரங்காட்டி அட்டை வெளிறி இளஞ்சிவப்பாகியிருந்தால் மட்டும் தனியே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அடுத்தது, நல்லது, பழுது, கழித்தது எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையில் போடுவது. கணினி 6 பம்ப் என்று காட்டும். போய்ப் பார்த்தால் 4 பழுதுபார்ப்புக்குக் காத்திருக்கும். விமானம் தரையிலேயே நிற்கும்.

ரப்பர் பொருள்களில் இன்னொரு சிக்கல். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான நைட்ரைல் ஓ-ரிங்கின் இருப்பு ஆயுள் (பொருத்தாமல் வைத்திருக்கக்கூடிய காலம்) பொதுவாக 15 ஆண்டுகள். அதை ரப்பர் பதப்படுத்திய காலாண்டிலிருந்து கணக்கிட வேண்டும், கிடங்குக்கு வந்த நாளிலிருந்து அல்ல. அதனால் முதலில் வந்ததை அல்ல, முதலில் காலாவதியாவதைக் கொடுங்கள். இரண்டு தேதிச் சரக்கை ஒரே டப்பாவில் கொட்டினால் எது எதுவென்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

நிறுத்தி வைத்த விமானத்திலிருந்து அவசரத்துக்குப் பாகம் கழற்றுவது எங்கும் நடப்பதுதான். ஆனால் எந்த விமானம், எந்த சீரியல், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அன்றைக்கே எழுதாவிட்டால் வினை. என்ஜினில் சுழலும் டர்பைன் டிஸ்க்குக்கு ஓடும் அளவில் வரம்பு உண்டு; எவ்வளவு ஓடியது என்று தெரியாவிட்டால் அது பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தாலும் பொருத்த முடியாது.

இதையெல்லாம்விட ஆழமான ஓட்டை, பொருள் யாருடையது என்றே தீராமல் இருப்பது. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமான உதிரி பாகங்களில் 2018 மே முதல் 10 லட்சத்துக்கும் மேல், 8.5 கோடி டாலருக்கும் கூடுதலான மதிப்பில் தொலைந்திருப்பதாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2023-இல் சொன்னது. அவற்றில் பாதுகாப்புத் துறை ஆராய்ந்தது 2 சதவீதத்துக்கும் குறைவு. ஒப்பந்தக்காரர் கிடங்கிலிருக்கும் பாகம் அரசுச் சொத்தா இல்லையா என்பதிலேயே அப்போது உடன்பாடு இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பார்கோடு இயந்திரம் வாங்கிப் பயனில்லை.

சரி, எண்ணும்போது செய்யும் தவறு? கணினி எண்ணை முன்கூட்டியே கொடுத்து அனுப்புவது. தாளில் 12 என்று பார்த்துவிட்டுப் போகிறவருக்கு 11-உம் 12 ஆகத்தான் தெரியும். வித்தியாசம் வந்ததும் பதிவைத் திருத்திவிடாதீர்கள். கடைசியாக நடந்த வரவு, வழங்கல் சீட்டுகளைப் பாருங்கள். பக்கத்துத் தட்டுகளையும் தேடுங்கள். பார்ட் நம்பரில் கடைசி இலக்கம் மட்டும் மாறும் பாகங்கள் அங்கேதான் கலந்து கிடக்கும்.