கட்டியை எடுத்தால் போதுமா? வயிற்றுப் புற்றிலும் லிம்போமாவிலும் தொடரும் தவறுகள்

ஒப்புதல் படிவம் மறப்பது, ரத்தம் ஏற்பாடு செய்யாமல் தியேட்டருக்குப் போவது போன்றவற்றை முதுகலை மாணவர்கள் இரண்டு திட்டு வாங்கியதும் திருத்திக்கொள்வார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை. செய்யும்போது தவறென்றே தோன்றாதவை வேறு. அவற்றின் விளைவு சில வாரம் கழித்து பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் தெரியும், அல்லது சில வருடம் கழித்து.

எடுத்த நெறியை (நிணநீர் முடிச்சை) முழுசாக ஃபார்மலினில் போடுவது

நம் வார்டுகளில் அடிக்கடி பார்க்கும் நோயாளி இவர். நாற்பது வயது, இரண்டு மாதமாக மாலைக் காய்ச்சல், எடை குறைந்திருக்கிறது, வலது கீழ் வயிற்றில் கட்டி. சிடியில் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம் தடித்திருக்கும், மெசன்ட்ரியில் (குடலைத் தாங்கும் சவ்வு) பெரிய நெறிகள் இருக்கும். காசநோயா, லிம்போமாவா (நிணநீர் செல்களில் வரும் புற்று), கார்சினோமாவா (குடலின் உட்பூச்சில் தொடங்கும் புற்று) என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சரி, லேப்ராஸ்கோப்பி போட்டு ஒரு நெறியை எடுக்கிறார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த நிமிடம் யாரோ நீட்டும் டப்பாவில் நெறியை முழுசாகப் போட்டு, மூடி, பெயர் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அங்கேயே போயிற்று. ஃபார்மலின் பட்ட காசநோய்க் கிருமி வளராது. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்க்கும் வழியும் அடைபட்டது. லிம்போமா செல்லின் வகையைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் போயிற்று, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். மிச்சமிருக்கும் சாதாரண பேத்தாலஜியாவது ஒழுங்காக வருமா என்றால் அதுவும் சந்தேகம்தான். ஃபார்மலின் உறை வழியாக மெல்லத்தான் உள்ளே இறங்கும், மூன்று செ.மீ. நெறியின் நடுப்பகுதி அதற்குள் கெட ஆரம்பித்துவிடும். ரிப்போர்ட்டில் ‘திசு சரியாகப் பதப்படவில்லை, மறு பயாப்ஸி தேவை’ என்று வரும். அதே வயிற்றுக்கு இரண்டாவது மயக்க மருந்து. வேகமாக வளரும் லிம்போமாவாக இருந்தால் இழந்த அந்த மூன்று வாரத்தில் நோயாளி கீமோவையே தாங்க முடியாத நிலைக்கு வந்திருப்பார். காரணம் கேட்டால், ‘லிஸ்ட் நீளம் சார், கவனிக்கலை’ என்ற பதில்தான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. முதல் நாள் மாலையே பேத்தாலஜிக்குப் போன் செய்து, புதிய திசு வருகிறது என்று சொல்லிவையுங்கள். நெறியைப் பல்லுள்ள ஃபோர்செப்ஸால் பிடிக்காதீர்கள். நசுங்கிய லிம்போமா செல்லை நுண்ணோக்கியில் யாராலும் வகை பிரிக்க முடியாது. சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்துத் தூக்கி, உறை கிழியாமல் எடுக்க வேண்டும். டயாதெர்மி (மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி) நெறியை ஒட்டிப் போகக் கூடாது. வெளியே வந்ததும் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸில் சுற்றுங்கள். சலைனில் மிதக்க விடவும் கூடாது, காய விடவும் கூடாது.

பிறகு புதிய பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைக் கண்ணாடி ஸ்லைடுகள் இரண்டு மூன்றில் மெதுவாக ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. ஒரு துண்டு, செல்லை உயிரோடு வைக்கும் ஆர்பிஎம்ஐ திரவத்தில், ஃப்ளோவுக்கு. ஒரு துண்டு, ஸ்டெரைல் டப்பாவில் கொஞ்சம் சலைனோடு, சிபிநாட் சோதனைக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுவது) டிபி கல்ச்சருக்கும். மீதியை மூன்று மி.மீ. வில்லைகளாக்கி, திசுவைப்போல் பத்து மடங்கு அளவு 10% பஃபர்டு ஃபார்மலினில் போடுங்கள். நெறி சிறியதாக இருந்தால் எதை விடுவது, எதை எடுப்பது என்பதை பேத்தாலஜிஸ்டிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்.

பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு

வாந்திக்கு டெக்சாமெத்தசோன், வீக்கத்துக்கு ப்ரெட்னிசோலோன் என்று யாராவது எழுதிவிடுவார்கள். பல லிம்போமா செல்கள் ஸ்டீராய்டு பட்டாலே சாகும். கட்டி சுருங்கும், நோயாளி சந்தோஷப்படுவார், பயாப்ஸியில் செத்த திசு மட்டும் வரும். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதென்றால் மருந்து, அளவு, தேதி மூன்றையும் பேத்தாலஜி படிவத்தில் எழுதுங்கள்.

ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததோடு நிறுத்துவது

சந்தேகத்தைக் கிளப்பும், வகை சொல்லாது. நெறி எட்டாத ஆழத்தில் இருந்தால் சிடி பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் பல கோர் (மெல்லிய திசுத் தண்டு) எடுங்கள்.

இரைப்பை லிம்போமாவை இரைப்பைப் புற்றாக நினைத்து வெட்டுவது

எண்டோஸ்கோப்பியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் லிம்போமா சளிச்சவ்வுக்கு அடியிலும் படரும், மேலாகக் கிள்ளிய இரண்டு துணுக்கில் சிக்காது. எட்டு, பத்து துணுக்கு எடுங்கள், எடுத்த குழியிலேயே மறுபடியும் எடுங்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி சோதனையும் சேரட்டும். அந்தக் கிருமியோடு வரும் ஆரம்பநிலை மால்ட் லிம்போமாவில் (சளிச்சவ்வை ஒட்டிய நிணத்திசுவில் மெதுவாக வளரும் வகை) ஆன்டிபயாடிக் மட்டுமே பெரும்பாலானவர்களுக்குக் கட்டியைக் கரைத்துவிடும் என்பது 1993 முதல் தெரிந்த விஷயம்.

வேகமாக வளரும் பெரிய செல் வகை லிம்போமாவுக்கும் கீமோதான் முதன்மை. மெக்சிகோவில் 589 பேரை நான்கு பிரிவாகப் பிரித்துச் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், பத்து ஆண்டு உயிரோடிருந்தவர்கள் அறுவை மட்டும் பெற்ற பிரிவில் 54%, கீமோ மட்டும் பெற்ற பிரிவில் 96%. இரைப்பையை இழந்தும் பலனில்லாமல் போவது என்றால் இதுதான். துளை, நிற்காத ரத்தக் கசிவு, அடைப்பு: இவற்றுக்கு மட்டும் கத்தி.

டி2 என்றால் மண்ணீரலும் சேர்த்து என்று நினைப்பது

இரைப்பைக் கார்சினோமாவில் நெறிகளை டி2 அளவுக்கு அகற்றுவது சரிதான். டி1 என்றால் இரைப்பையை ஒட்டிய நெறிகள் மட்டும், டி2 என்றால் அதன் ரத்தக்குழாய்களைச் சுற்றியவையும் சேர்த்து. இரண்டையும் ஒப்பிட்ட டச்சு ஆய்வின் 15 ஆண்டுக் கணக்கில் இரைப்பைப் புற்றால் இறந்தவர்கள் டி1 பிரிவில் 48%, டி2 பிரிவில் 37%. அதே ஆய்வில் அறுவையை ஒட்டிய இறப்பு டி1-இல் 4%, டி2-இல் 10%. மண்ணீரலையும் கணைய வாலையும் வழக்கமாகச் சேர்த்து எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். கட்டி நேரடியாகப் பிடித்திருந்தாலொழிய அவற்றைத் தொடாதீர்கள்.

நெறிகளை எண்ணாமல் நிலை சொல்வது

பெருங்குடலில் குறைந்தது 12, இரைப்பையில் குறைந்தது 16 நெறிகள் பார்க்கப்பட வேண்டும். ஆறு நெறியைப் பார்த்து ‘எதிலும் புற்று இல்லை’ என்று வந்தால், இரண்டாம் நிலை என்று எழுதப்பட்டவர் உண்மையில் மூன்றாம் நிலையாக இருக்கலாம். அவருக்குச் சேர வேண்டிய கீமோ சேராது.

இரண்டு மருத்துவமனைகளின் உயிர்பிழைப்புக் கணக்கை ஒப்பிடும்போதும் இதைப் பாருங்கள். அதிக நெறிகளைத் தேடும் இடத்தில், இரண்டாம் நிலையின் மோசமானவர்கள் மூன்றாம் நிலைக்கு நகர்வார்கள். இரண்டு நிலைகளின் சதவீதமும் உயரும், ஒருவர்கூட ஒரு நாள் கூடுதலாக வாழாமலே.

ரிடுக்சிமாப் (லிம்போமாவுக்குத் தரும் ஆன்டிபாடி மருந்து) தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி

பார்த்தே ஆக வேண்டும். மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி, இரண்டும்.

குடல் லிம்போமாவில் கீமோவுக்குப் பின் வயிற்று வலியை அலட்சியம் செய்வது

குடற்சுவரின் முழுத் தடிமனும் லிம்போமாவாக இருந்தால், கட்டி கரையும்போது அந்த இடத்தில் துளை விழலாம். கீமோவோடு தரும் ப்ரெட்னிசோலோன் வயிற்று விறைப்பை மறைத்துவிடும். வெள்ளணுக்கள் குறைந்திருப்பதால் ரத்தப் பரிசோதனையும் கைகொடுக்காது. புதிதாக வலி, காரணமில்லாத நாடித்துடிப்பு உயர்வு, இரண்டில் ஒன்று இருந்தாலே நிமிர்ந்த நிலை எக்ஸ்ரே எடுங்கள். அதில் காற்று தெரியாவிட்டாலும் அன்றே சிடி.