ஒகவாங்கோவில் அமைதியான சஃபாரி: முதல் முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

லட்சக்கணக்கில் செலவழித்து ஆப்பிரிக்கா போய், ஒரே சிங்கத்தைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும் ஜீப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. உங்களுக்குத் தேவை அமைதி என்றால் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவைத் தேர்ந்தெடுங்கள். கடலைச் சேராமல் கலஹாரி மணலில் விரிந்து வற்றிப்போகிற ஆறு அது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000-ஆவது இடமாகச் சேர்ந்தது. குறைந்த பயணிகள், கூடுதல் கட்டணம் என்பது அந்நாட்டின் கொள்கை. விலை கடுமையாக இருப்பதும் கூட்டம் இல்லாததும் அதனால்தான்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அங்கோலாவின் மேட்டுநிலங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் பெய்யும் மழை, சரிவே இல்லாததுபோன்ற தரையில் மெல்ல ஊர்ந்து டெல்டாவை நிரப்பப் பல மாதங்கள் ஆகின்றன. எனவே, உள்ளூரில் துளி மழையும் இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். சுற்றிலும் காய்ந்துகிடப்பதால் விலங்குகள் தண்ணீரை நோக்கி வரும். கட்டணமும் அப்போதுதான் உச்சம். ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. அக்டோபரில் வெயில் வாட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம்: கட்டணம் குறையும், பறவைகளும் மான்குட்டிகளும் நிறைந்திருக்கும், ஆனால் புல் உயர்ந்து விலங்குகளை மறைக்கும்.

2. அறையைப் பார்க்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள்

விளம்பரப் படங்களில் குளியல் தொட்டியும் மெத்தையும்தான் தெரியும். நீங்கள் கேட்க வேண்டியது, தங்கப்போகும் முகாம் எந்த நிலத்தில் இருக்கிறது என்பதை. டெல்டாவின் ஒரு பகுதியான மொரேமி வனவிலங்குக் காப்பகத்துக்குள் வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது. இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். அரசிடம் குத்தகைக்கு எடுத்த தனியார் பகுதிகளில் பாதை விலகிச் செல்லலாம், இரவிலும் சுற்றலாம், வழிகாட்டியுடன் நடக்கலாம். அங்கே வெளியார் வண்டிகளும் பெரும்பாலும் வருவதில்லை. என்னைக் கேட்டால், பணம் கொடுப்பதே இதற்காகத்தான். எத்தனை கூடாரங்கள், ஒரு வண்டியில் எத்தனை பேர், நான் வரும் மாதத்தில் மொகோரோ ஓடம் போகுமளவு தண்ணீர் இருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மொகோரோ என்பது மரத்தைக் குடைந்து செய்த ஒடுங்கிய ஓடம். மரங்களைக் காக்க இப்போது பெரும்பாலும் ஃபைபர் கிளாஸில் செய்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் கண்கள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். பின்னால் நிற்பவர் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார், மோட்டார் கிடையாது. நாணல் தண்டில் விரல்நுனி அளவுத் தவளை ஒட்டியிருந்தால், ஓடத்தை நிறுத்திக் காட்டுவார். யானையைத் தேடி வந்தவர்கள்கூட அங்கிருந்து நகர மாட்டார்கள்.

3. குறைந்த முகாம்கள், கூடுதல் இரவுகள்

தண்ணீர் சூழ்ந்த முகாம் ஒன்று, வறண்ட நிலத்து முகாம் ஒன்று. ஒவ்வொன்றிலும் குறைந்தது 3 இரவுகள் தங்குங்கள். தினம் ஒரு முகாம் என்று ஓடினால் பாதிப் பொழுது மூட்டை கட்டுவதிலேயே போய்விடும்.

4. விமானமும் பையும்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மவுன் நகரம், அங்கிருந்து முகாமுக்குச் சிறு விமானம். கைப்பையும் சேர்த்துப் பெரும்பாலும் 20 கிலோதான் அனுமதிப்பார்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் சிறிய சரக்கு அறைக்குள் நுழையாது. மடங்கும் துணிப்பை வேண்டும். துணி துவைத்துத் தருவது பெரும்பாலான முகாம்களில் கட்டணத்திலேயே அடக்கம். ஜூலையில் விடியற்காலை திறந்த ஜீப்பில் குளிர் நடுக்கும், எனவே கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம்.

5. ஆவணங்கள், மருந்து

போட்ஸ்வானா விசாவையும், வழியில் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைவதாக இருந்தால் அதன் விசாவையும் அரசுத் தளங்களில் சரிபாருங்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். காப்பீட்டில், அவசரத்துக்கு விமானத்தில் மருத்துவமனை கொண்டுசெல்லும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.