சத்துமாவு: முதல் பொட்டலமும் கடைசிப் பொட்டலமும் ஒரே சுவையில் வர

வீட்டுக்கு இரண்டு கிலோ சத்துமாவு செய்து பழகியவர்கள், ஐம்பது கிலோ செய்து விற்கத் தொடங்கும்போது படிக்க வேண்டிய பதிவு இது. அதே அளவு, அதே மில். ஆனாலும் ஒரு பொட்டலத்தில் ஏலக்காய் தூக்கலாக இருக்கும், அடுத்ததில் மணமே இருக்காது. முளைகட்டுவதும் வறுப்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. மூட்டை வாயில் தெரியும் கேழ்வரகை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். குத்தூசியால் (மூட்டையைக் குத்தி உள்ளிருந்து தானியம் எடுக்கும் கூர்முனைக் குழல்) மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுத்துப் பாருங்கள். ஈரம் பார்க்க, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியமும், வறுத்து ஆறவைத்த தூள் உப்பு சிறிதும் போட்டுக் குலுக்கி, 15 நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் ஒருநாள் வெயில் காட்டுங்கள். சேமித்து வைக்க 12 சதவீதம் நல்லது. அச்சிட்ட கவருக்குச் செலவழிக்கும் முன் ஓர் ஈரமானி வாங்குங்கள் என்பேன்.

2. மில்லில் உங்களுக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் என்றால் ஒரு கிலோ பச்சரிசியை முதலில் ஓடவிட்டு, அந்த மாவைத் தனியே ஒதுக்குங்கள்.

3. சூடான மாவை மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டிதட்டும். துணியில் பரப்பி ஆறவிடுங்கள். பிறகு 40 எண் சல்லடையில் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்கள்) சலியுங்கள். மேலே நிற்கும் கப்பியைக் கொட்டிவிடாதீர்கள். அதில் சில தானியங்களின் தோல்தான் அதிகம். கொட்டினால் உங்கள் அளவே மாறிவிடும். திரும்ப அரைத்துச் சேர்த்துவிடுங்கள்.

4. கலப்பது. பலர் தடுமாறும் இடம் இதுதான். 50 கிலோ மாவுக்கு 250 கிராம் ஏலக்காய்த்தூள் என்றால், அதைக் குவியலின் மேல் தூவிக் கிளறினால் போதாது. எவ்வளவு கிளறினாலும் அங்கங்கே திட்டாக நிற்கும். 250 கிராம் தூளுடன் 250 கிராம் மாவு. அது கலந்ததும் அரைக் கிலோ மாவு. பிறகு ஒரு கிலோ, இரண்டு கிலோ, நான்கு கிலோ என இரட்டித்துக்கொண்டே போங்கள். சுக்குக்கும் இதே வழி.

கலந்தபின்னும் வேலை முடியவில்லை. மாவை உயரத்திலிருந்து கொட்டினால் பருமனானவை சரிந்து ஓரத்துக்கு ஓடும், நுண்ணியவை நடுவில் தங்கும். டிரம்மை வண்டியில் ஏற்றிக் குலுங்கக் கொண்டுபோனால் நுண்ணியவை அடிக்கு இறங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நயத்தில் அரையுங்கள். கலக்கிய இடத்திலேயே பொட்டலம் போடுங்கள். சர்க்கரையைச் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அதன் பருமன் வேறு.

கையால் கிளறுவதைவிட மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மை உருட்டுவது எனக்குப் பிடிக்கும். பாதி மட்டும் நிரப்புங்கள். நிரம்பிய டிரம்மில் மாவு புரள இடமே இருக்காது.

5. ஒவ்வொரு ஈட்டிலும் (ஒரே தடவையில் கலக்கும் மொத்த மாவு) முதல், நடு, கடைசிப் பொட்டலங்களை எடுத்து, ஒரே அளவு தண்ணீரில், ஒரே நேரம் கஞ்சி காய்ச்சிப் பாருங்கள். தேதி எழுதிய ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள். புகார் வந்தால் ஒப்பிட அது வேண்டும்.

பின்சேர்க்கை: ஆறவைத்தும் கட்டிதட்டுகிறது என்று கடலோர ஊரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். இரவு முழுக்கப் பரப்பி வைத்தாராம். முழுத் தானியத்தைவிட மாவு காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். மின்விசிறியின் கீழே வையுங்கள். கையில் சூடு தெரியாத உடனே மூடிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈட்டையே சிறிதாக்குங்கள்.

வேர்க்கடலை சேர்க்கலாமா என்று இன்னொரு கேள்வி. சேர்க்கலாம். ஆனால் அதன் எண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். அந்த மாவுக்குத் தனி ஈடு, குறுகிய கெடுதேதி.