ஆபீஸ் சர்வருக்குச் சொந்தமாக ஒரு சிஏ: எக்ஸ்சிஏ-வில் படிப்படியாக

எங்கள் ஆபீஸில் கோப்புகள் வைக்க ஒரு நெக்ஸ்ட்கிளவுட் சர்வர் இருக்கிறது. உள் நெட்வொர்க்கில் மட்டும்தான் திறக்கும். தளம் இன்னாருடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் ஒன்று அதில் இருந்தது, ஆனால் அது தனக்குத்தானே கையொப்பமிட்டுக்கொண்டது. கணக்குப் பிரிவு அக்கா காலையில் வந்து உட்கார்ந்ததும் பிரவுசரில் எச்சரிக்கைப் பக்கம் வரும். எழுத்துகள் முழுசாகத் தெரிவதற்கு முன்பே அவர் கை 'அட்வான்ஸ்டு', அடுத்து 'ப்ரொசீட்' என்று இரண்டு இடங்களில் அழுத்திவிடும். ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாளைக்கு நிஜமாகவே மோசமான ஒரு தளம் இதே எச்சரிக்கையோடு வந்தாலும் அந்த விரல் இதையேதான் செய்யும். அன்று சாயங்காலமே சொந்தமாக ஒரு சிஏ, அதாவது சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் சான்றிதழ் ஆணையம், அமைக்க உட்கார்ந்தேன்.

உங்களிடம் சொந்த டொமைன் இருந்தால் இந்தப் பதிவே வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற பொதுச் சிஏவில் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) வழியாகச் சரிபார்த்து இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்தது 192.168.1.10 என்ற உள் முகவரி ஒன்றுதான். அந்த மாதிரி முகவரிக்கு எந்தப் பொதுச் சிஏவும் சான்றிதழ் தராது. பெயருக்கு 'ஃபைல்ஸ் டாட் இன்டர்னல்' என்று வைத்தேன். 'இன்டர்னல்' என்ற முடிவைத் தனியார் நெட்வொர்க்குகளுக்கென்றே 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கிவிட்டது. 'லோக்கல்' என்று முடிக்காதீர்கள், அது உள் நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளைகளை நகலெடுத்து ஒட்டும் விளக்கங்கள் நிறைய இருக்கின்றன. புதிதாக வருபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எந்த வரி எதைச் செய்தது என்று தெரியாமலே ஒரு சான்றிதழ் கைக்கு வந்துவிடும், பிழை வந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது. எம்கேசெர்ட் நல்ல கருவி, ஆனால் புரோகிராம் எழுதுபவர் தன் ஒரு மெஷினில் சோதித்துப் பார்க்கத்தான் அது. பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்கு எக்ஸ்சிஏ போதும். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எல்லாம் கண் முன்னால் பட்டியலாக இருக்கும். பொத்தான் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், திரையில் ஆங்கிலத்தில் தேடுங்கள்.

படி 1: டேட்டாபேஸ்

'ஃபைல்' மெனுவில் 'நியூ டேட்டாபேஸ்'. கடவுச்சொல் கேட்கும். இதை மறந்தால் மீட்க வழியில்லை. ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, பீரோவில் வைத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: ரூட் சான்றிதழ் (மற்றவற்றுக்குக் கையொப்பமிடும் தலைமைச் சான்றிதழ்)

'சர்டிஃபிகேட்ஸ்' தாவலில் 'நியூ சர்டிஃபிகேட்'. முதலில் 'சோர்ஸ்' பக்கம் வரும். 'செல்ஃப் சைன்டு' தேர்ந்தெடுத்து, கீழே டெம்ப்ளேட் பட்டியலில் 'டிஃபால்ட் சிஏ' என்பதை எடுத்து, 'அப்ளை ஆல்' பொத்தானை அழுத்துங்கள். பட்டியலில் தேர்ந்தெடுத்தால் மட்டும் எதுவும் மாறாது. அந்தப் பொத்தானை விட்டுவிட்டால் வருவது சிஏ அல்ல, வெறும் சான்றிதழ்.

'சப்ஜெக்ட்' பக்கத்தில் காமன் நேமில் நிறுவனப் பெயரோடு ஆண்டையும் சேருங்கள். பின்னாளில் இன்னொரு ரூட் உருவாக்க நேர்ந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்து கம்ப்யூட்டர்களில் குழப்பம் வராது. அதே பக்கத்தில் 'ஜெனரேட் எ நியூ கீ', வகை ஆர்எஸ்ஏ, நீளம் 4096 பிட்.

'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தில் பாத் லெங்த் 0. அதாவது இந்த ரூட்டின் கீழ் இன்னொரு சிஏ முளைக்க முடியாது. ஆயுள் 10 ஆண்டு வைத்தேன். எண்ணை மாற்றியதும் பக்கத்திலுள்ள 'அப்ளை'யையும் அழுத்தினால்தான் தேதிகள் மாறும். 'ஓகே' கொடுங்கள், உங்கள் சிஏ தயார்.

இந்த ரூட்டின் பிரைவேட் கீ, அதாவது கையொப்பமிடும் ரகசியச் சாவி, யார் கையில் இருக்கிறதோ, அவர் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அனைத்தையும் எந்தத் தளத்தின் பெயராலும் ஏமாற்றலாம். கூகுள் என்ற பெயரிலும் ஏமாற்றலாம். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சிஏவுக்குள் ஊடுருவியவர்கள் அப்படித்தான் கூகுள் உட்பட 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். ஈரானில் இருந்த பயனர்கள் உளவு பார்க்கப்பட்டார்கள். அந்த நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் திவாலானது. ஆகவே இந்த டேட்டாபேஸ் ஃபைல் தினசரி வேலை செய்யும் மெஷினில் இருக்கக் கூடாது. நான் இரண்டு பென்டிரைவில் வைத்து, ஒன்றை ஆபீஸ் பீரோவிலும் மற்றதை முதலாளி வீட்டிலும் கொடுத்திருக்கிறேன். சான்றிதழ் போடும் அன்று மட்டும் எடுப்பேன்.

படி 3: சர்வர் சான்றிதழ் (இங்கேதான் இரண்டு நாள் போனது)

மறுபடியும் 'நியூ சர்டிஃபிகேட்'. இந்த முறை 'சோர்ஸ்' பக்கத்தில் 'யூஸ் திஸ் சர்டிஃபிகேட் ஃபார் சைனிங்' தேர்ந்தெடுத்து உங்கள் ரூட்டைக் காட்டுங்கள். டெம்ப்ளேட் 'டிஎல்எஸ் சர்வர்', 'அப்ளை ஆல்'. 'சப்ஜெக்ட்' பக்கத்தில் பெயர், புது கீ, ஆர்எஸ்ஏ 2048 போதும்.

முதல் தடவை நான் இதோடு நிறுத்தி சர்வரில் ஏற்றிவிட்டேன். குரோமில் பிழை வந்தது. 'காமன் நேம் இன்வேலிட்' என்று பச்சையாகச் சொன்னது. சரி, பெயர்தான் தப்பு என்று காமன் நேமை மாற்றி இன்னொரு சான்றிதழ் போட்டேன். அதே பிழை. பெயருக்குப் பதில் 192.168.1.10 என்று போட்டேன். அதே பிழை. மூன்றாவதாக எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் போட்டேன். கடைசியில் பிரவுசரிலேயே சான்றிதழைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் 'சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்' என்ற வரியே அதில் இல்லை என்று கண்ணில் பட்டது.

விஷயம் இதுதான். 2017-இல் வந்த குரோம் 58 முதல் அந்தப் பிரவுசர் காமன் நேமை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆல்டர்நேட்டிவ் நேமில் இருப்பதை மட்டும்தான் தளத்தின் பெயரோடு ஒப்பிடும். பிழைச் செய்தியின் பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. அந்தச் செய்தியை நம்பிக் காமன் நேமை எத்தனை முறை திருத்தினாலும் பலன் இருக்காது.

எனவே 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தில் 'சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்' வரிக்குப் பக்கத்திலுள்ள 'எடிட்' பொத்தானை அழுத்துங்கள். ஒரு சின்ன ஜன்னல் வரும். 'ஆட்' கொடுத்து, வகை டிஎன்எஸ், மதிப்பு உங்கள் சர்வர் பெயர். இன்னொரு முறை 'ஆட்' கொடுத்து, வகை ஐபி, மதிப்பு 192.168.1.10. ஐபி எண்ணை டிஎன்எஸ் வகையில் போட்டால் பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும், பிரவுசர் மட்டும் ஏற்காது. வகையை இரண்டு முறை பாருங்கள்.

ஆயுள் ஓர் ஆண்டு வைத்தேன். ஐஃபோனும் மேக்கும் 825 நாளுக்கு மேல் ஆயுள் உள்ள சர்வர் சான்றிதழை ஏற்பதில்லை. நாம் ஏற்றிய சொந்த சிஏ கொடுத்ததாக இருந்தாலும் இதே கதைதான். குறைந்த ஆயுளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இனி நம்பக் கூடாத சான்றிதழ்களின் ரத்துப் பட்டியலை எக்ஸ்சிஏ-வில் உருவாக்கலாம், ஆனால் பிரவுசர்கள் அதைத் தேடிப் போய்ப் படிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. சீக்கிரம் காலாவதியாவதுதான் நம் கையில் இருக்கும் பாதுகாப்பு.

படி 4: சர்வரில் ஏற்றுவது

'சர்டிஃபிகேட்ஸ்' தாவலில் சர்வர் சான்றிதழை பெம் வடிவில் 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள். 'பிரைவேட் கீஸ்' தாவலில் அதன் கீயையும் எடுங்கள். சர்வரின் கீயை மட்டும், ரூட்டின் கீயை அல்ல. சர்வரில் ஓடும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்பில் இரண்டு ஃபைலின் பாதைகளையும் கொடுத்து, அமைப்பைச் சோதித்து, ரீலோட் செய்யுங்கள். கீ ஃபைலுக்கு அனுமதி 600, அதாவது அதன் உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்.

படி 5: ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ரூட்டை ஏற்றுவது

ரூட் சான்றிதழை மட்டும் 'எக்ஸ்போர்ட்' செய்து பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். விண்டோஸில் இரட்டைக் கிளிக், 'இன்ஸ்டால் சர்டிஃபிகேட்', 'லோக்கல் மெஷின்'. எங்கே வைக்க வேண்டும் என்று தானாகத் தீர்மானிக்க விடாதீர்கள். 'டிரஸ்டட் ரூட் சர்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ்' என்ற இடத்தை நீங்களே காட்டுங்கள். உபுண்டுவில் ஃபைல் பெயர் 'டாட் சிஆர்டி' என்று முடிய வேண்டும். 'டாட் பெம்' என்று முடிந்தால் அப்டேட் கட்டளை ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். லினக்ஸ் பயர்பாக்ஸுக்குத் தனிச் சேமிப்பு, அதன் செட்டிங்ஸில் 'அத்தாரிட்டீஸ்' பகுதியில் தனியாக 'இம்போர்ட்' செய்ய வேண்டும்.

மறுநாள் காலை அக்கா வந்து தளத்தைத் திறந்தார். எச்சரிக்கை இல்லாமல் நேராக உள்ளே போனது. "தம்பி, தப்பான இடத்துக்கு வந்துட்டேனா?" என்று கேட்டார். சான்றிதழில் இருக்கும் எங்கள் நிறுவனத்தின் பெயரைத் திறந்து காட்டினேன். இனி அந்த எச்சரிக்கை வந்தால் கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

பிற்சேர்க்கை 1: ஐஃபோனில் ரூட்டை நிறுவிய பிறகும் எச்சரிக்கை வருகிறது என்று இருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். ப்ரொஃபைலை நிறுவுவது பாதி வேலைதான். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட், கடைசியில் 'சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ்' போய் அங்கே உள்ள சுவிட்சையும் போடுங்கள்.

பிற்சேர்க்கை 2: ஆண்ட்ராய்டில் குரோம் திறக்கிறது, ஒரு ஆப் மட்டும் இணைய மறுக்கிறது என்று ஒருவர் எழுதினார். ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் ஏற்றும் சிஏவை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. ஆப்பை எழுதியவர் அனுமதித்திருந்தால்தான் வேலை செய்யும், ஃபோன் செட்டிங்ஸில் இதற்கு வழி இல்லை.

பிற்சேர்க்கை 3: 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற பிழை வந்தவருக்கு: சான்றிதழில் தவறில்லை, மெஷினின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பழைய ராஸ்பெர்ரி பை போர்டுகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, மின்சாரம் போய் வந்தால் நேரம் தவறிவிடும். முதலில் தேதியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பாருங்கள்.