கேபிள் ட்ரே தொங்குகிறதா? சப்போர்ட்டையும் ஜாயிண்ட்டையும் பாருங்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் ஏதாவது ஒரு ஷெட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கரண்ட் கேபிள்களைத் தாங்கிக்கொண்டு ஓடும் இரும்புத் தட்டுதான் கேபிள் ட்ரே. அது எங்காவது ஓரிடத்தில் வயிறு தள்ளித் தொங்கும். உடனே ட்ரே சப்ளையரைத் திட்டுவோம். நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் குற்றம் மாட்டிய நம்முடையது.

டிராயிங்கில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு சப்போர்ட் என்று இருக்கும். குறுக்கே ஏர் லைன் வந்துவிட்டது என்று ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் தொய்வும் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். இல்லை, மீட்டருக்கு அதே எடை என்றால் பதினாறு மடங்கு. மூன்றரை கோர் 240 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு கேபிள், அதாவது இரும்புக் கவசம் போட்ட தடித்த பவர் கேபிள், மீட்டருக்குச் சுமார் 4 கிலோ. அதில் ஆறு ஓடினால் என்ன ஆகும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இரண்டு ட்ரே சேரும் ஜாயிண்ட். 'சப்போர்ட் மேலேயே உட்கார்ந்தால் பலம்' என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் தொடர்ந்து ஓடும் ட்ரேயை அதிகம் வளைக்கும் விசை சப்போர்ட்டின் தலைமேல்தான் விழுகிறது. அதற்கு அடுத்தது நடு இடைவெளியில். இரண்டுக்கும் இடையே, கால்பங்கு தூரத்தில், அந்த விசை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது. இரண்டு ட்ரேயையும் இணைக்கும் கப்ளர் பிளேட் அங்கேதான் வரவேண்டும். ட்ரே நீளம் 2.5 மீட்டர், சப்போர்ட் 1.25 மீட்டருக்கு ஒன்று என்றால், முதல் சப்போர்ட்டை முனையிலிருந்து 30 செ.மீ. உள்ளே தள்ளி அடியுங்கள். எல்லா ஜாயிண்ட்டும் தானாகக் கால்பங்கில் வந்து நிற்கும்.

பிளேட்டில் மஷ்ரூம் போல்ட்டின் வழுவழுப்பான குடைத் தலை உள்பக்கம், நட்டு வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் கேபிள் இழுக்கும்போது மரை தோலை உரித்துவிடும்.

சப்போர்ட்டுக்குப் போடும் சி சேனலை 1920களில் அமெரிக்காவின் மிச்சிகனில் சார்ல்ஸ் ஆட்வுட் கொண்டுவந்ததே துளையும் வெல்டிங்கும் இல்லாமல் பூட்டத்தான். நம் ஆட்கள் அதிலும் வெல்டிங் வைப்பார்கள்! ஜிங்க் பூச்சு எரிந்து, அங்கிருந்து துரு தொடங்கும். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகள் மாதிரி ஆவியும் கழுவும் தண்ணீரும் உள்ள இடத்தில் கேட்கவே வேண்டாம். சூட்சுமமே, சேனலுக்குள் நுழைத்துத் திருப்பிப் பூட்டும் ஸ்பிரிங் நட்டில்தான் இருக்கிறது. அதைக் கால் சுற்று முழுதாகத் திருப்பி, அதன் பள்ளம் சேனலின் மடிந்த உதட்டில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். அரைகுறையாக நின்றால் இன்று பிடிக்கும், மெஷின் அதிர்வில் நழுவும்.

ஓசூர் குளிர்ந்த ஊர்தான், ஆனால் தகரக் கூரைக்கு அடியில் இல்லை. 40 டிகிரி ஏறி இறங்கினால் 30 மீட்டர் இரும்பு ட்ரே சுமார் 14 மி.மீ. நீளும். நீண்ட ஓட்டத்தில், ட்ரே நீண்டு சுருங்க இடம் விடும் நீள்துளை உள்ள எக்ஸ்பான்ஷன் பிளேட் வைத்து, அதன் போல்ட்டை விரலால் இறுக்கும் அளவோடு விட்டு, லாக் நட்டு போடுங்கள். அப்புறம் அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு பக்க ட்ரேயையும் இணைக்கும் எர்த் வயர், அதாவது ஒரு எர்த் ஜம்பர். அதை மறந்தால் எர்த் தொடர்ச்சி அந்த ஜாயிண்ட்டிலேயே அறுந்துவிடும்.